ஏழாம் நடைமேடை

மார்ச் 4

தம்பிக்கு,

புது இதழ் கைக்கு வந்தது. என் கட்டுரையைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அனுப்பியது எட்டுப் பக்கம். நீ போட்டிருப்பது மூன்று பக்கமும் ஓர் ஏரிப் படமும். அந்த ஏரிக்கு நான் போகவே இல்லை.

முதல் நாட்டில் கடைக்காரர்கள் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று சிலேட்டில் எழுதி எழுதி அழித்ததை எழுதியிருந்தேன். தேர்தல் சுவரொட்டியின் மேல் சுவரொட்டி ஒட்டி ஒட்டிச் சுவரே தடித்துப் போனதை எழுதியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் டாக்ஸி ஓட்டப் போகும் கணக்கு வாத்தியாரையும் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, "மக்கள் இனிமையானவர்கள், மாலைக் காற்று சுகமானது" என்று முடித்திருக்கிறாய். அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? உன் மேஜை மின்விசிறியிலிருந்தா?

இப்போது இரண்டாவது நாட்டில் இருக்கிறேன். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், அதனால் எங்கே போனாலும் பஸ்தான். பொது இடத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்குள் நாற்பது பேர் இருக்கிறோம். அதனால் ஒவ்வொருவரும் தான் மட்டும் தனியாக வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருகிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும்கூடப் பேசிக்கொள்வதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாளை மறுநாள் ஆற்றோர ஊருக்குக் கிளம்புகிறேன். மூன்றாவது நாட்டின் கடைசி ஊர் அது. பாலத்துக்கு அக்கரை நான்காவது நாடு. இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டதில் பாலத்தை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கரைக்கும் சரி, வெளியூருக்கும் சரி, அங்கிருந்து போன் கிடையாது. தபாலும் போவதில்லை. அந்த ஊருக்கு பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் பழக்கமாகியிருக்கிறார். அவருடைய தங்கை எல்லைக்கு இந்தப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இனி அங்கே எழுது. டிரைவர் கொண்டுவந்து தருவார்.

உன் பெண்டாட்டி டீச்சரைக் கேட்டதாகச் சொல். உன்னோடு எனக்குப் பேச்சு கிடையாது. இது கடிதம் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

பேச்சு இல்லாதவளுக்குப் பதில் எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "எழுதுங்க, எழுதி வாங்கிக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் இந்தப் பத்திரிகை எதில் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டாய். தூதரகங்களின் சுற்றுலாப் பிரிவுகள் தரும் விளம்பரத்தில் ஓடுகிறது. எங்கள் நாட்டுக்கு வாருங்கள் என்று அவர்கள் பின்னட்டையில் கூப்பிடும்போது, அங்கே வாத்தியார் டாக்ஸி ஓட்டுகிறார் என்று உள்ளே நான் எப்படிப் போடுவேன்? டயர் கடை மாடியில், ரப்பர் நாற்றத்தில் உட்கார்ந்து ஒரு மனிதன் எத்தனை பேரைத்தான் சமாளிப்பான்?

நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். நாடு நாடாக எழுதும் பத்திரிகைக்கு ஆசிரியர், ஒரு எல்லையைக்கூடத் தாண்டியதில்லை. உண்மைதான். பஸ்ஸில் ஏறினாலே எனக்குக் குமட்டும். ஆனால் நான் நாற்காலியில் இருப்பதால்தான் நீ பஸ்ஸில் இருக்கிறாய். அதையும் சேர்த்துச் சொல்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. உன் கட்டுரைகளைவிட உன் கடிதங்கள்தான் நன்றாக இருக்கின்றன. நாற்பது பேரும் தனித்தனியாக வரும் பஸ்ஸை எனக்கு எழுதினாயே, அதைக் கட்டுரையில் எழுதுவதற்கென்ன? கட்டுரை என்றதும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறாய்.

மூன்றாம் நாட்டுத் தூதரகம் முதல் முறையாகப் பின்னட்டை விளம்பரம் தந்திருக்கிறது. அங்கிருந்து நல்லதாக ஒன்று அனுப்பு. பத்திரமாக இரு.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

கட்டுரை இத்துடன் வருகிறது. நீ திட்டிய மாதிரியே விறைப்பாகத்தான் இருக்கும். இங்கே வேறு மாதிரி எழுத முடியாது. ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே மொழி பேசுகிறார்கள். இப்போது அவை இரண்டு மொழிகள் என்று இரண்டு அரசாங்கங்களும் சொல்கின்றன. ஆளுக்கொரு அகராதி போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு இரண்டிலும் ஒரே சொல்தான், எழுத்துக்கூட்டல் வேறு. பழைய கூட்டலில் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. கட்டுரை இதைப் பற்றியது.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது வேறு. என் விடுதிக்கு எதிரே பஸ் நிலையம். அங்கே அறிவிப்புச் செய்கிற பெண்ணை ஊரில் எல்லோரும் மைக்கக்கா என்கிறார்கள். என் வயதுதான் இருக்கும். எந்நேரமும் சளி பிடித்த மாதிரி ஒரு குரல். அவள் வீட்டுக்காரர் அதே நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறார். முதல் நாளே கவனித்தேன், "ஏழாம் நடைமேடை" என்று அடிக்கடி அறிவிக்கிறாள். நிலையத்தில் இருப்பதோ நான்கு நடைமேடைகள்.

விஷயம் இதுதான். ஒலிபெருக்கி ஆற்றைப் பார்த்திருக்கிறது, அக்கரை வரைக்கும் கேட்கும். இந்தக் கரைக்காரர்கள் கவுண்டருக்கு வந்து, டிக்கெட் கேட்கிற மாதிரி அவளிடம் வீட்டுச் சேதி சொல்கிறார்கள். அவள் அதை ஏழாம் நடைமேடை பஸ் அறிவிப்பாக்கி ஒலிபெருக்கியில் விடுகிறாள். நேற்று நான் பக்கத்தில் நின்றேன். "ஏழாம் நடைமேடைக்கு வரவேண்டிய பஸ் தாமதமானாலும் பத்திரமாக வந்து சேர்ந்தது. பயணிகள் இருவர்" என்றாள். அக்கரைப் படிக்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு மனிதர் வாளியை அப்படியே ஆற்றோடு விட்டுவிட்டு மேலே ஓடினார். இந்தக் கரையில் இருக்கும் அவர் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை.

நான் அழுதுவிட்டேன். மைக்கக்கா மைக்கை அணைத்துவிட்டு, "ஏன் அழறீங்க? பஸ்ஸுதான் வந்துடுச்சே" என்றாள்.

இவ்வளவு நாள் ஊர் சுற்றியதற்கு இதைப் பார்த்ததே போதும் என்று தோன்றுகிறது. கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. நீ காரணமில்லை.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உட்கார்ந்து எழுதவே பொறுமையில்லை. இதழ் வெளிவந்துவிட்டது, டயர் கடைக்காரர்கூட மேலே ஏறி வந்து ஒரு பிரதி கேட்டார். நம் பத்திரிகை வரலாற்றில் அவர் படியேறியது இதுதான் முதல் தடவை.

உன் அகராதிக் கட்டுரையை ஒரு வரி வெட்டாமல் போட்டேன். ஆனால் அதற்கு மேலே, கட்டம் கட்டி, உன் கடிதத்திலிருந்து அந்த ஏழாம் நடைமேடைப் பத்தியை எடுத்துப் போட்டேன். உன் பெயரில்தான். அட்டையில் தலைப்பும் அதுதான். வாளியை விட்டுவிட்டு ஓடினவரைப் படித்துவிட்டு டீச்சர் சமையலறையில் நின்று மூக்கை உறிஞ்சினாள். வாசகர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். நீ அரசியல் எழுதவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, நான் வெட்டிவிட்டேன் என்று நீயும் குறை சொல்ல முடியாது.

வழக்கம்போலத் தூதரகத்துக்கும் இரண்டு பிரதி அனுப்பினேன். அவர்கள் ஊரைப் பற்றி இத்தனை அழகாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்த ஒரு தடவையாவது என்னைப் பாராட்டி ஒரு வரி எழுது.

தம்பி

ஏப்ரல் 12

போன வாரம் மைக்கக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அறிவிப்பு செய்துகொண்டிருந்தபோது உள்ளே வந்தார்கள். மைக்கை அணைக்க அவளுக்கு நேரமில்லை. நாற்காலி விழுந்த சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. "நானே வரேன், கைய விடுங்க" என்று அவள் சொன்னதும் கேட்டது. அக்கரைக்கும் கேட்டிருக்கும். அங்கே படிக்கட்டில் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். மைக் வெகுநேரம் திறந்தே இருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மேஜை மேல் ஒரு பக்கத்தை வைத்தார். வேற்று நாட்டில் நம் எழுத்தைப் பார்த்ததும் முதலில் மனசு சந்தோஷப்பட்டுவிட்டது, தம்பி. பிறகுதான் படித்தேன். அடியில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் அவர்கள் மொழியில் தட்டச்சு செய்த மொழிபெயர்ப்பு. தூதரகத்திலிருந்து வந்ததாம்.

"இது உங்க பேர்தானே?" என்றார். என் பெயர்தான் என்றேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறேன்.

உன் கடிதம் இன்றுதான் வந்தது. பாராட்டி ஒரு வரி கேட்டிருக்கிறாய்.

படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். என் கடிதங்களையும் நீ வைத்திருக்காதே.

ஏப்ரல் 20

அக்கா,

நீ கையெழுத்துப் போடாமல் அனுப்பிய முதல் கடிதம் இது. உறையை இரண்டு தடவை உதறிப் பார்த்தேன்.

அச்சுக்கு வேண்டாம் என்று நீ எழுதவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த நடைமேடைக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் எரித்தேன், அதில் எங்கேயும் அப்படி எழுதவில்லை. உன் கடிதங்கள் நன்றாக இருக்கின்றன, அதையே எழுது என்று நான் சொன்ன பிறகு வந்த கடிதம் அது. நான் என்ன நினைப்பேன்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். டீச்சர் படித்துப் பார்த்தாள். "அங்க ஒருத்தி உள்ள இருக்கா. நீங்க இங்க உக்காந்து யார் தப்புன்னு திருத்திக்கிட்டு இருக்கீங்க" என்றாள். சாப்பாடு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

தூதரகத்துக்குப் போனேன். விளம்பரம் தந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அப்படி ஒரு பெண்ணைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்றார். அவர் பின்னால் இருந்த பலகையில் நம் அட்டையைக் குத்தி வைத்திருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்புப் போடட்டுமா? வக்கீல் பார்க்கட்டுமா? என்ன செய்யவேண்டும் என்று சொல். திட்டியாவது எழுது. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்?

தம்பி

ஏப்ரல் 29

தம்பிக்கு,

அவர் டிக்கெட் கொடுக்கிறார். வேறென்ன செய்வார்? நான் கவுண்டருக்குப் போனால், "எந்த ஊருக்கு?" என்று மட்டும் கேட்கிறார். எந்த ஊருக்கும் இல்லை என்றால் அடுத்த ஆளைப் பார்க்கிறார். நேற்று மட்டும் தலை நிமிராமல், "அவளுக்கு மூச்சு முட்டும். குளிர்ல படுக்கக் கூடாது. அத எழுதினீங்களா?" என்றார்.

குறிப்பும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நீ மன்னிப்புக் கேட்டால் அது நடந்தது என்று ஆகிவிடும். அவள் இதுவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நடைமேடை எண்ணைத் தவறிச் சொன்னதாகத்தான் சாதிக்கிறாள். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி நம் பத்திரிகையின் அந்தப் பக்கம்தான்.

அதிகாரியே நேற்று வழி சொன்னார். அவருக்கும் இந்த வழக்கு பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். எழுதியவர் அது கற்பனை என்று நேரில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண்ணை வைத்திருக்கக் காரணம் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவர் மேல் பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்கு வரும். சிறையோ நாடு கடத்தலோ, மேலிடம் தீர்மானிக்கும்.

நான் கையெழுத்துப் போடப்போகிறேன். இன்னும் மூன்று வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறேன். இத்தனை வருஷமாக நான் எழுதியதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லி உன் உயிரை வாங்கியிருக்கிறேன். இனி நான் எங்கே போய் எதை எழுதினாலும், கதை கட்டுகிறவள்தானே என்பார்கள். சொல்லட்டும். அவள் குளிரில் படுத்திருக்கிறாள்.

டீச்சரிடம் சொல்லிவிடு. சிறை என்று ஆகிவிட்டால் என்னைத் தேடி யாரும் வரவேண்டாம்.

அக்கா

மே 12

அக்கா,

கையெழுத்துப் போடாதே. நான் வருகிறேன்.

இதை இரண்டாம் நாட்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நாடுகளிலும் வாந்தி எடுத்தாயிற்று. முதல் நாட்டில் ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, வாழ்க்கையில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பயணப் பத்திரிகை ஆசிரியர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜவுளி வியாபாரம் என்றேன்.

யோசித்துப் பார். அச்சுக்கென்று நீ அனுப்பியது கட்டுரை மட்டும்தான். கட்டம் கட்டியது நான். அந்தப் பத்தியை அச்சுக்குக் கொடுத்தவன் நான் என்பது உண்மை. அதை நானே கற்பனையாகக் கட்டினேன் என்பது மட்டும்தான் பொய். நீ சொன்னால் முழுப் பொய், நான் சொன்னால் பாதிப் பொய். உன்னிடம் கேட்டால், அந்தப் பத்தியை அச்சில்தான் முதலில் பார்த்தேன் என்று சொல். அதுவும் உண்மைதான், அச்சில் அப்போதுதானே பார்த்தாய்.

இது தியாகம் என்று நினைத்து அழாதே. டீச்சர் பையில் துணி எடுத்து வைத்துவிட்டுத்தான் என்னை எழுப்பினாள்.

டிரைவர் தங்கையிடம் இதைக் கொடுக்கிறேன். எனக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

தம்பி

மே 27

அக்கா,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். எல்லையில் இறக்கிவிட்டு, ஐந்து வருஷத்துக்கு அந்த நாட்டில் கால் வைக்கக் கூடாது என்று முத்திரை குத்தினார்கள்.

நீ அறைக்குள் வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதிகாரி என்னை ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டார். வாளியை விட்டுவிட்டு ஓடின ஆள் யார்? அப்படி யாரும் இல்லை. அப்படியானால் வாளி எங்கிருந்து வந்தது? என் வீட்டுக் குளியலறையிலிருந்து. ஏழு என்ற எண் ஏன்? நன்றாக இருந்தது, போட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு கட்டத்தில் அந்தப் பத்தியை நான்தான் கட்டினேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் உன்னை உள்ளே கூப்பிட்டார். நீ இளைத்திருந்தாய். "உங்க தம்பி பொய் சொல்றவரா?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். "ஆமா. சின்ன வயசுலேருந்தே" என்றாய்.

அதற்காகத்தான் நான் வந்தேன். அப்படி எதையாவது நீ சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனாலும், அக்கா, நீ அதைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. யோசிக்காமல் சொன்னாய்.

இங்கே செய்தித்தாள்களில் வந்துவிட்டது. மோசடி ஆசிரியர் என்று போட்டிருக்கிறார்கள். சந்தாதாரர்கள் விலகுகிறார்கள். எல்லாத் தூதரகங்களும் விளம்பரத்தை நிறுத்திவிட்டன. அடுத்த இதழ் இல்லை. டயர் கடைக்காரர் என்னைப் பார்த்தால் சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறார். டீச்சர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

மைக்கக்காவை விட்டுவிட்டார்களா? அதை மட்டும் எழுது.

தம்பி

ஜூன் 10

தம்பிக்கு,

விட்டுவிட்டார்கள். நீ எல்லை தாண்டிய மறுவாரம்.

அவள் வீட்டுக்காரர் அவளைக் கைத்தாங்கலாக நிலையத்தின் வழியாகத்தான் நடத்திக் கூட்டிப் போனார். வேறு வழியும் இருந்தது. வேலை போய்விட்டது. இப்போது பதிவு செய்த குரல் ஒன்று அறிவிப்புச் செய்கிறது. அதற்குச் சளி பிடிப்பதில்லை. அக்கரையில் கொஞ்ச நாள் வந்து நின்று கேட்டார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் யோசிக்காமல் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதிகாரி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், தம்பி. யோசித்திருந்தால் அழுதிருப்பேன்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூச்சு இழுத்தது. நீ வந்ததையும் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"உங்க தம்பி வந்தது நல்லது. ஆனா உங்க ரெண்டு பேரையும் என்னால மன்னிக்க முடியும்னு தோணல" என்றாள். "நான் சொன்ன பஸ்ஸெல்லாம் அவங்களுக்கு வந்த சேதி. உங்களுக்கு அது அழகா இருந்துச்சு. அழகா இருந்ததால எழுதினீங்க. அவ்வளவுதான்."

எழுந்துவிட்டேன். அவள்தான் உட்காரச் சொன்னாள்.

அவள் உள்ளே இருந்தபோதும் சேதிகள் நிற்கவில்லை. ஜனங்கள் வீட்டுக்கே வந்து அவள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அனுப்ப வழியில்லை. டிரைவரைத் தவிர ஊரில் யாருக்கும் வெளியே போக அனுமதிச் சீட்டு கிடைப்பதில்லை, அவர் சீட்டும் தங்கை ஊர் வரைக்கும்தான். பாஸ்போர்ட் இருப்பது எனக்கு மட்டும்தான். வந்த வழியே திரும்பி, இரண்டாம் நாடு, முதல் நாடு, அங்கிருந்து கப்பலில் வடக்கே போய், நான்காவது நாட்டுக்குள் பின்பக்கமாக நுழைந்தால் அக்கரைக்கு வரலாம். விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் அங்கே கொடியில் காயும் துணியின் நிறம்கூடத் தெரிகிறது.

"எழுதாம கொண்டு போவீங்களா?" என்று கேட்டாள்.

மூன்று நாள் அவள் கட்டிலருகே உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். யாருக்கு, யாரிடமிருந்து, என்ன சேதி. ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். மெருகேற்றினால் திட்டினாள். ஓரிடத்தில் எனக்குப் பிடித்த மாதிரி ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன். "அது உங்க வார்த்தை, அவங்களுது இல்ல. எடுங்க" என்றாள். நீ வெட்டியபோதெல்லாம் சண்டை போட்டேனே, அவளிடம் போட முடியவில்லை.

எல்லை தாண்டியபிறகு, டிரைவர் தங்கையின் தையல் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தச் சேதிகளில் ஒன்றும் இதில் இல்லை. தேடாதே. படித்ததும் கிழித்துவிடு.

அக்கரை போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. அங்கிருந்து இந்தக் கரைக்குச் சொல்வதற்கும் சேதி இருக்கும். திரும்பவும் சுற்ற வேண்டியிருக்கும். இனி என்னிடமிருந்து கடிதம் வராது. கோபத்தில் சொல்லவில்லை.

என்றைக்காவது முன்பின் தெரியாத ஒருவர் உன் வாசலில் வந்து நின்று, உன் அக்கா சொல்லி அனுப்பினாள் என்றால், உள்ளே கூப்பிட்டு உட்கார வை. டீச்சரையும் பக்கத்தில் வந்து இருக்கச் சொல். அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொள். எழுதிக்கொள்ளாதே.

அக்கா